சாலை நிறத் தலைமுடி: ‘மான்தியென்வேரினென்’ என்ற ஃபின்னிஷ் சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அது என்ன சொல்? என்ன பொருள்?

பொன்னிறம் என்றும் சொல்ல முடியாது, பழுப்பு என்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் சாம்பல் பூசினாற்போல மங்கிக் கிடக்கும் தலைமுடி சிலருக்கு உண்டு. வட ஐரோப்பாவில் அப்படிப்பட்டவர்கள் நிறையவே இருக்கிறார்கள். அந்த நிறத்துக்கு ஃபின்லாந்துக்காரர்கள் வைத்திருக்கும் சொல்தான் ‘மான்தியென்வேரினென்’. நேர்ப்பொருள் ‘நெடுஞ்சாலையின் நிறமுடைய’. ‘மான்தியென்வேரினென் துக்கா’ என்றால் சாலை நிறத் தலைமுடி. ‘மான்தியென்ஹர்மா’, அதாவது ‘சாலைச் சாம்பல்’ என்ற வடிவமும் வழக்கில் இருக்கிறது.

நம் ‘செம்பட்டை’ இதற்கு ஈடாகாது. செம்பட்டையில் செம்மை இருக்கிறது. இந்த முடியில் சிவப்போ மஞ்சளோ தூக்கலாக இருக்காது என்பதுதான் விஷயமே.

இதை எப்படி உச்சரிப்பது?

தமிழ் எழுத்தில் முழுதாகப் பிடிபடாத ஒலி ஒன்றே ஒன்றுதான். ‘வே’ என்று எழுதியிருக்கும் இடத்தில் வருவது நம் ஏகாரம் அல்ல. ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்ற சொல்லில் வருகிற உயிரொலி, அதுவும் குறிலாக. ‘தி’யை ‘நதி’யில் வருவதுபோல மென்மையாக்காமல் ‘பத்தி’யில் வருவதுபோல வல்லினமாகவே சொல்லவேண்டும். அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும். ஃபின்னிஷில் எந்தச் சொல்லுக்கும் அதே விதிதான் என்பது கற்றுக்கொள்பவர்களுக்கு ஒரு பெரிய சலுகை.

சொல்லைப் பிரித்துக் காட்ட முடியுமா?

முடியும். மா + ன் + தியெ + ன் + வேரி + நென்.

‘மா’ என்றால் நிலம், மண், நாடு. ஃபின்னிஷும் எஸ்தோனியமும் சேர்ந்த யுராலிக் மொழிக் குடும்பத்தின் மிகப் பழைய சொற்களில் ஒன்று. ‘தியெ’ என்றால் வழி, சாலை. எஸ்தோனிய மொழியில் இது ‘தே’. ஃபின்னிஷில் ‘தெரிந்திருத்தல்’ என்பதற்கான வினைச்சொல்லும் இந்த ‘தியெ’யிலிருந்து கிளைத்ததுதான் என்பது சொற்பிறப்பு அறிஞர்கள் பரவலாக ஏற்கும் விளக்கம். காட்டுக்குள் வழி தெரிந்தவன்தான் விஷயம் தெரிந்தவன் என்று எண்ணிப் பார்த்தால் பொருத்தமாகத்தான் படுகிறது.

இரண்டும் சேர்ந்தால் ‘மான்தியெ’, ஊர்களை இணைக்கும் சாலை. ‘மா’வுக்கும் ‘தியெ’க்கும் நடுவில் ஒரு ‘ன்’, கடைசியில் இன்னொரு ‘ன்’. இரண்டுமே ஆறாம் வேற்றுமை உருபுகள். ஆக ‘மா-ன்-தியெ-ன்’ என்றால் ‘நிலத்தின் சாலையின்’. ‘வேரி’ என்றால் நிறம். கடைசியில் வரும் ‘-நென்’ பெயர்ச்சொல்லை உரிச்சொல்லாக்கும் விகுதி, ‘உடைய’ என்று வைத்துக்கொள்ளலாம். தமிழைப் போலவே இங்கும் தலைமைச் சொல் கடைசியில்தான் நிற்கும். அதனால் நமக்கு இதைப் பிரித்துப் படிப்பதில் பெரிய சிரமம் இருக்காது.

சாலை நிறம் என்றால் கறுப்புதானே? தார் ரோடு கறுப்பாகத்தானே இருக்கும்?

இந்தச் சந்தேகம் வராதவர்கள் குறைவு. நம் மனதில் ‘சாலை’ என்றதும் தார்தான் வருகிறது. ஆனால் இந்தச் சொல் மனதில் வைத்திருப்பது சரளைச் சாலையை.

1950-களின் தொடக்கத்தில்கூட ஃபின்லாந்தின் நெடுஞ்சாலைகளில் மிகப் பெரும்பாலானவை சரளை போட்டவைதான். தார் நகரங்களிலும் சில முக்கிய வழிகளிலும்தான் இருந்தது. பிறகு வேகமாக மாறியது. இருந்தாலும் இன்றைக்கும் அரசுப் பராமரிப்பில் இருக்கும் சுமார் 78,000 கிலோமீட்டர் சாலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரளைச் சாலைதான்.

அந்தச் சரளை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நிறமும் விளங்கிவிடும். பனியுகத்தில் ஃபின்லாந்து முழுவதையும் மூடியிருந்த பனிப்பாறை உருகி விலகியபோது, அதன் அடியில் ஓடிய ஆறுகள் மணலையும் கூழாங்கல்லையும் நீள நீளமான மேடுகளாகக் குவித்துவிட்டுப் போயின. ‘ஹர்யு’ என்று பெயர். நாட்டின் கிழக்கே ஏரிகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் புங்காஹர்யு அவற்றில் பேர்பெற்றது. சாலைக்கான சரளையைக் காலங்காலமாக இந்த மேடுகளிலிருந்துதான் வெட்டி எடுத்தார்கள். அடிப்படையில் அது கிரானைட், நைஸ் (gneiss) என்ற பாறைகளின் பொடி. சாம்பலோடு கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் மணல் நிறம். ஈரமானால் கருக்கும், காய்ந்தால் வெளுக்கும். கோடையில் வண்டி போனால் புழுதி எழும்பி ஓரத்துச் செடிகள் மேலெல்லாம் படியும். புழுதியை அடக்கக் கால்சியம் குளோரைடு உப்பைத் தூவும் வழக்கம்கூட உண்டு.

சாலை நிற முடியும் அப்படித்தான். ஈரமாக இருக்கும்போது பழுப்பு மாதிரி தெரியும், காய்ந்ததும் வெளிறும். இந்தச் சொல்லை முதலில் சொன்னவர் யாராக இருந்தாலும் நன்றாகப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

இன்று தாரிலேயே ஓடிப் பழகிய தலைமுறையும் இதே சொல்லை அதே பொருளில்தான் பயன்படுத்துகிறது. சாலைகள் நிறம் மாறிவிட்டன, சொல் மாறவில்லை.

‘தெரு நிறம்’ என்று ஏன் சொல்லவில்லை?

ஃபின்னிஷில் ‘மான்தியெ’ வேறு, ‘கத்து’ வேறு. கத்து என்றால் நகரத்துத் தெரு. அது ஸ்வீடிஷ் மொழியின் ‘காத்தா’விலிருந்து வந்த கடன்சொல். மான்தியெ ஊருக்கு வெளியே போவது. சட்டத்திலும் இந்தப் பிரிவு இருக்கிறது. அரசு பராமரிப்பது மான்தியெ, நகராட்சி பராமரிப்பது கத்து, மற்றவை தனியார் சாலைகள். வழிப்பறிக் கொள்ளைக்காரனுக்கும் ‘மான்தியெரொஸ்வோ’ என்றுதான் பெயர். ஊருக்கு வெளியே மறித்தவன் அல்லவா!

‘மான்தியெ’ என்ற கூட்டுச்சொல்லின் அமைப்பு ஸ்வீடிஷின் ‘லான்ட்ஸ்வேக்’ என்பதோடு அப்படியே பொருந்துகிறது. அதிலும் முதலில் நிலம், பிறகு வழி. ஃபின்லாந்து 1809 வரை ஸ்வீடன் அரசின் பகுதியாக இருந்தது. துர்குவிலிருந்து ஹமேன்லின்னாவுக்குப் போன ‘எருதுச் சாலை’, துர்குவிலிருந்து வீபுரிக்குப் போன ‘பெரிய கடற்கரைச் சாலை’ ஆகிய பழைய பாதைகளெல்லாம் அந்தக் காலத்தவை. நிர்வாகம் சார்ந்த பல சொற்கள் ஸ்வீடிஷ் வார்ப்பில் ஃபின்னிஷில் அமைந்தன.

‘வேரி’ ஃபின்னிஷின் சொந்தச் சொல்லா?

இல்லை, ஜெர்மானிய மொழிகளின் பக்கத்திலிருந்து வந்தது. ஸ்வீடிஷில் நிறத்துக்கு ‘ஃபேரி’ என்பதற்கு நெருங்கிய ஒலியில் ஒரு சொல் உண்டு, அதன் சொந்தம்.

சரி, அதற்கு முன்னால் நிறத்தை எப்படிச் சொன்னார்கள்? ‘கர்வா’ என்ற சொல் அந்த வேலையையும் செய்தது. கர்வா என்றால் விலங்கின் ரோமம், மனித உடம்பில் வளரும் ரோமம். மாடு என்ன ரோமம் என்று கேட்டால் என்ன நிறம் என்று கேட்பதாகத்தானே பொருள்? அந்தப் பழைய பொருள் இன்றும் ஒரு மரபுத்தொடரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவருடைய சுயரூபம் வெளிப்பட்டுவிட்டது என்பதற்கு, அவர் தன் ‘உண்மையான கர்வாவை’க் காட்டிவிட்டார் என்கிறார்கள். ‘நாயை அதன் ரோமத்தைப் பார்த்து எடைபோடாதே’ என்று ஒரு பழமொழியும் உண்டு.

முடியின் நிறத்தைச் சொல்ல, ரோமத்திலிருந்து பிறந்த நிறச்சொல் கையில் இருந்தும், கடன் வாங்கிய ‘வேரி’தான் நம் கூட்டுச்சொல்லில் இடம்பிடித்திருக்கிறது. எனக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகவே படுகிறது.

அப்படியானால் தலைமுடிக்கு என்ன சொல்? துக்காவா, ஹியுஸா?

இரண்டும் உண்டு. ‘ஹியுஸ்’ ஓர் இழை, பன்மையில் ‘ஹியுக்செத்’. கொஞ்சம் மரியாதையான சொல், விளம்பரங்களிலும் மருத்துவக் கட்டுரைகளிலும் வரும். ‘துக்கா’ தலையில் இருக்கும் மொத்த முடி, பேச்சு வழக்குக்கு உரியது. எஸ்தோனியத்தில் இதன் உறவுச்சொல் ‘துக்’ நெற்றியில் விழும் முடியை மட்டும் குறிக்கும். ஒருவர் தலைமுடியைக் ‘கர்வா’ என்று சொல்லிவிடாதீர்கள், சிரிப்பார்கள்.

யாரையாவது ‘சாலை நிற முடி’ என்றால் கோபித்துக்கொள்வார்களா?

வசவு அல்ல, பாராட்டும் அல்ல. பெரும்பாலும் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்ளும் சொல். “என்னுடையது சும்மா மான்தியென்வேரினென்தான்” என்று சாயம் பூசப்போகும் ஒருத்தி சொன்னால் இயல்பாக இருக்கும். புதிதாக அறிமுகமான ஒருவரின் முடியைப் பார்த்து நீங்களாகச் சொன்னால் அவ்வளவு நன்றாக இருக்காது. பெருமையடிக்க விரும்பாத அந்த ஊர் மனிதர்களின் சுபாவத்துக்கு இந்தச் சொல் ரொம்பப் பொருந்துகிறது என்பது என் அபிப்பிராயம்.

சாயம் விற்பவர்கள் இதைத் தொடுவதில்லை. அவர்களுக்குச் ‘சாம்பல்’தான் வசதி. சாம்பலுக்குச் சொல் ‘துஹ்கா’. சாம்பல் பொன்னிறம், சாம்பல் பழுப்பு என்று பெட்டிமேல் போட்டால் அதே முடி கௌரவமாகிவிடுகிறது. சிண்டரெல்லாவுக்கு ஃபின்னிஷில் ‘துஹ்கிமோ’ என்று பெயர், அதுவும் இந்தச் சாம்பலிலிருந்து வந்ததே.

ஃபின்லாந்துக் குழந்தைகள் எல்லாரும் வெள்ளை வெளேரென்ற முடியோடு இருக்கிறார்களே?

எல்லாரும் இல்லை, நிறையப் பேர். அவர்களுக்கும் ஒரு கூட்டுச்சொல் இருக்கிறது: ‘பெல்லவாபே’. ‘பெல்லவா’ என்றால் ஆளிச்செடி, நாம் ஆளிவிதை எடுக்கும் அதே செடி. ‘பே’ என்றால் தலை. ஆக, ஆளித்தலை.

விதையை மட்டும் பார்த்தவர்களுக்கு இது புரியாது, நாரைப் பார்க்கவேண்டும். ஆளித்தண்டைப் பிடுங்கி, விதை நீக்கி, ஊறவைத்து, உலர்த்தி, நொறுக்கி, உள்ளிருக்கும் கட்டைப் பகுதியைத் தட்டி உதறுவார்கள். பிறகு இரும்புப் பற்கள் வைத்த பலகையில் வாரி எடுப்பார்கள். குட்டை நார்கள் சிக்காகத் தனியே வந்துவிடும். நீள நார்கள் பளபளவென்று, வெளிர்மஞ்சளாக, நேராகத் தொங்கும். நீரில் ஊறவைத்தால் இந்த மஞ்சள் கிடைக்கும். வயலில் பனியில் கிடந்து பதமானால் நார் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். வாரி முடித்த ஒரு பிடி நாரைத் தூக்கிப் பார்த்தால், சின்னப் பிள்ளையின் தலைக்கு அதன் பெயரை ஏன் வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றாது.

நூற்பதற்காகத் தக்களிக் கோலில் சுற்றி வைக்கும் நார்ப்பொதிக்கு ‘குவொன்தலோ’ என்று பெயர். வீட்டில் நூல் நூற்பது நின்றுபோய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் சொல் ஓய்வு பெறவில்லை. இன்று குவொன்தலோ என்றால் வாரப்படாத தலைமுடி! “அந்தக் குவொன்தலோவை ஒழுங்குபடுத்து” என்று அம்மா பிள்ளையிடம் சொல்லலாம். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தக்களி ஞாபகம் வராது.

ஆளி அந்த நாட்டில் சில்லறைப் பயிர் அல்ல. தம்பெரே நகரில் ஆளித்துணியும் இரும்பும் ஒன்றாகத் தயாரித்த ஒரு பெரிய ஆலை இருந்தது. ‘தம்பெரே ஆளி மற்றும் இரும்புத் தொழில்’ என்ற நீண்ட பெயர் வாயில் தேய்ந்து ‘தம்பெல்லா’ ஆயிற்று.

இதோடு ‘லீனாதுக்கா’ என்றும் ஒன்று உண்டு. லீனா என்பதும் ஆளிநார்தான், ஆனால் ஜெர்மானியக் கடன்சொல். இன்று தனியாக ‘லீனா’ என்றால் மேசைவிரிப்பு, கழுத்துத்துணி போன்ற துணிகளைக் குறிக்கும்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்ததும் என்ன ஆகிறது?

பலருக்குச் சாலை நிறம் வந்துவிடுகிறது! வயது ஏற ஏற முடியில் யூமெலனின் என்ற கருநிறமி கூடுவதே காரணம். பொன்னிறத்துக்குக் காரணமான மரபணு மாற்றங்களில் ஒன்று கேஐடிஎல்ஜி என்ற மரபணுவின் அருகே ஒற்றை எழுத்து மாறியிருப்பது என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆளித்தலையில் தொடங்கிச் சாலையில் முடியும் இந்தப் பயணத்தை இரண்டே கூட்டுச்சொற்களில் சொல்லிவிடுகிறார்கள் என்பதால்தான் அவற்றைச் சேர்த்தே படிக்கச் சொல்வேன்.

குதிரைகளுக்கும் இதே சொற்கள் வருமா?

ஆளி வரும், சாலை வராது. ஃபின்லாந்தின் நாட்டுக் குதிரை இனத்துக்கு 1907-இல் வம்சாவளிப் பதிவேடு தொடங்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை செம்பழுப்பு. உடல் செம்பழுப்பாகவும் பிடரிமயிரும் வாலும் வெளிறியும் இருந்தால் ‘லீனாஹர்யா’, அதாவது ஆளிநார்ப் பிடரி. எலி நிறக் குதிரைக்கு ‘ஹீராக்கோ’. ‘ஹீரி’ என்றால் சுண்டெலி.

பொன்னிறக் கூந்தல் பெண்ணுக்கு என்ன சொல்?

‘வாலெயாவெரிக்கோ’. இதில் முடியே இல்லை! ‘வாலெயா’ என்றால் வெளிர், ‘வெரி’ என்றால் இரத்தம், ‘-க்கோ’ இங்கே பெண்ணைக் குறிக்கும் விகுதி. வெளிர் இரத்தக்காரி. கருங்கூந்தல் பெண் ‘தும்மாவெரிக்கோ’, அடர் இரத்தக்காரி. நிறம் இரத்தத்திலேயே ஊறியது என்ற பழைய எண்ணம் சொல்லுக்குள் உறைந்துவிட்டது.

வேறு முடிச் சொற்கள்?

நிறைய. ஒட்ட வெட்டினால் ‘சீலிதுக்கா’, முள்ளெலி முடி. பின்னால் மட்டும் நீளமாக விட்டால் ‘தகாதுக்கா’, பின்முடி. கழுத்தளவில் நேராக வெட்டினால் ‘போல்க்காதுக்கா’. பக்கத்துக்கு ஒன்றாக இரட்டைச் சடை என்றால் ‘சபரோ’, பன்றிவால்.

மரபுத்தொடர்கள் இன்னும் சுவை. அவசரமாக ஓடுபவர் ‘துக்கா புத்கெல்லா’ போகிறார், முடி குழாய்போல் பின்னால் நீட்டிக்கொள்கிற அளவு வேகம். சண்டையில் இறங்கினால் ‘துக்காநுவொத்தா’. நுவொத்தா என்றால் இழுவலை. ஏரியில் வலை இழுக்கும் நாட்டில், ஒருவர் முடியை ஒருவர் பிடித்து இழுப்பதற்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? குழந்தைகளின் முடியைப் பிடித்து இழுத்துத் தண்டிப்பதற்கும் தனி வினைச்சொல்லே இருந்தது, ‘துகிஸ்தா’. சொல் இருக்கிறது, செயலுக்கு இடமில்லை. பிள்ளைகளை உடல்ரீதியாகத் தண்டிப்பதைத் தடைசெய்த சட்டம் அங்கே 1984-இல் நடைமுறைக்கு வந்தது.

பக்கத்து நாடுகளில் இதே நிறத்துக்கு என்ன சொல்கிறார்கள்?

எல்லாரும் மட்டம்தட்டித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்வீடனில் எலி நிறம். டென்மார்க்கில், ரொட்டியில் தடவிச் சாப்பிடும் ஈரல் விழுதின் நிறம். ஜெர்மனியில் ‘தெருநாய்ப் பொன்னிறம்’ என்பதற்கு ஒரே கூட்டுச்சொல். ஆங்கிலத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீர். இந்த வரிசையில் சாலைதான் கண்ணியமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஆறாம் வேற்றுமை ‘ன்’ நம் ‘இன்’ மாதிரியே இருக்கிறதே. ஃபின்னிஷும் தமிழும் உறவா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் முதல் ஆள் நீங்கள் இல்லை. 1856-இல் வெளியான தன் திராவிட ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல், திராவிட மொழிகளைச் ‘சித்தியம்’ என்று அவர் அழைத்த பெரும் குழுவோடு சேர்த்துப் பார்த்தார். அந்தக் குழுவில் ஃபின்னிஷும் இருந்தது. விகுதிகளை ஒட்டி ஒட்டிச் சொல் கட்டும் முறை இரண்டிலும் இருப்பது கண்ணில் படத்தான் செய்யும். ஆனால் இன்றைய மொழியியலாளர்கள் பெரும்பாலோர் இந்த உறவை ஏற்பதில்லை. ஃபின்னிஷின் ‘ன்’ யுராலிக் மூலமொழிக்குப் போகிறது, நம்முடையது திராவிடத்துக்குள்ளேயே வளர்ந்தது. ஓரெழுத்து ஒத்துப்போவது சான்றாகாது.

2010-இல் கோவை செம்மொழி மாநாட்டில் விருது பெற்ற ஃபின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்போலாவை இதோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அவர் ஆராய்ந்தது சிந்துவெளி எழுத்துகளின் மொழி திராவிடமா என்பதை. அது வேறு விவகாரம்.

நீளமான ஃபின்னிஷ் சொல்லை நானே பிரிக்க ஏதாவது வழி இருக்கிறதா?

இருக்கிறது, உயிரொலிகளைப் பாருங்கள். ஃபின்னிஷில் அ, ஒ, உ ஒரு கட்சி. அவற்றுக்கு இணையாக வாயின் முன்பக்கம் ஒலிக்கும் மூன்று உயிர்கள் எதிர்க்கட்சி. ‘வேரி’யில் வருவது அதில் ஒன்று. எ, இ இரண்டும் எந்தப் பக்கமும் சேரும். கூட்டுச்சொல் அல்லாத ஒரு சொந்தச் சொல்லுக்குள் இரண்டு கட்சியும் கலக்காது. எனவே ஒரே சொல்லில் இரண்டும் வந்தால், நடுவில் எங்கோ மூட்டு இருக்கிறது என்று பொருள். ‘மான்தியென்’ முதல் கட்சி, ‘வேரினென்’ இரண்டாவது. வெட்டவேண்டிய இடம் தானாகத் தெரிகிறது.

இரு பாதியும் ஒரே கட்சியாக இருந்தால் இந்த உத்தி உதவாது. ‘லீனாதுக்கா’ அப்படித்தான். அங்கே அகராதியைத்தான் புரட்டவேண்டும்.

முடிதிருத்தும் இடத்தில் இந்தச் சொல் எனக்கு உதவுமா?

முடி அந்த நிறமாக இருந்தால் உதவும். சாயம் பூசும் கடை ‘கம்பாமோ’. ‘கம்பா’ என்றால் சீப்பு. ஆண்களுக்கு வெட்டும் இடம் ‘பர்துரி’. பூசிய சாயத்துக்கு அடியில் சொந்த நிறம் எட்டிப்பார்ப்பதை ‘யூரிகஸ்வு’, வேர் வளர்ச்சி என்பார்கள். மான்தியென்வேரினென் என்ற சொல் அங்கே அதிகம் காதில் விழுவது அந்த நேரத்தில்தான். நம்மைப் போன்ற கறுப்பு முடிக்காரர்களுக்கு ‘முஸ்தா’ என்று ஒரே சொல் போதும், கூட்டெல்லாம் தேவையில்லை.